மெர்லுடைய வலது கை தேடிய பிடி

பெயர் ட்ரூடி ஸ்டென்ஸ்லண்ட், வயது 61, கணவர் பெயர் மெர்ல். மொன்டானா மாநிலம், டிரை ஃபோர்க் ஊருக்கு வடக்கே எங்கள் மாட்டுப் பண்ணையில் வசித்து வருகிறேன். போலீஸ் அதிகாரியான துணை ஷெரீஃப் கேட்க, ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து நான் சொல்வதாவது:

எங்கள் பழைய பிக்அப் டிரக்கின் இன்ஜின் போய்விட்டபடியால், கன்று ஏற்றும் டிரெய்லரை இழுக்க வேறு டிரக் வாங்க, சென்ற மாதம் நானும் கணவரும் கடைக்குப் போனோம். விற்பனையாளர் கோடி என்பவர் இரண்டு டிரக்குகளைக் காட்டினார். ஒன்று உயரமான, கனமான டீசல் வண்டி. டிரெய்லரின் பிரேக்கை மட்டும் கையால் பிடிப்பதற்கான பிடி அதிலேயே இருந்தது. மற்றது தாழ்வானது, லேசானது, பிடியைத் தனியாக வரவழைத்து மாட்டவேண்டும். கணவருக்கு டீசல் மீதுதான் கண். அதன் பிறகு என்னை அதில் ஏறிப் பார்க்கச் சொன்னார். மூட்டு அறுவைச் சிகிச்சை ஆன கால், தூக்கி வைக்க முடியவில்லை.

"தம்பி, ஒரு ஏணி கொண்டா, எங்க மகாராணி ஏறணும்" என்று கோடியிடம் கேலி செய்தார்.

"கன்னுக்குட்டி ஏத்தத்தான வண்டி, என்னை ஏத்தவா? பேசாம டீசலையே எடு" என்றேன்.

அதன் பிறகு அவர் தாழ்வான வண்டிக்கே கையெழுத்துப் போட்டார். ஏன் என்றதற்கு, "இதுல சீட்டு மெத்துன்னு இருக்கு" என்றார். இது டிரெய்லரை இழுக்குமா என்று கோடியிடம் கேட்டோம், தாராளமாக இழுக்கும் என்றார். நிறுத்துமா என்று ஒருவரும் கேட்கவில்லை.

வரவழைக்கச் சொன்ன பிடி இன்னும் வந்து சேரவில்லை. இன்று காலை கன்றுச் சந்தை. பிடி வரட்டும் என்று நான் சொன்னேன். "பனி விழுந்துட்டா சந்தையும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. மெதுவா ஓட்டுறேன், நீ காப்பிய ஊத்து" என்றார். நானும் பக்கத்தில் ஏறிக்கொண்டேன். சிரமமில்லாமல் ஏறினேன்.

அதன் பிறகு கல்குவாரி இறக்கத்தில் பக்கக் காற்று அடித்ததும் டிரெய்லர் இடமும் வலமும் ஆடி எங்கள் வண்டியைத் தள்ளத் தொடங்கியது. கணவரின் வலது கை ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு முழங்கால் பக்கம் போனது. டிரெய்லர் ஆடினால் அதன் பிரேக்கைப் பிடிக்கும் பிடி பழைய டிரக்கில் அங்கேதான் இருந்தது. ஒன்றுமில்லாத இடத்தில் தடவினார். "ட்ரூடி, எங்க அது?" என்றார். அதன் பிறகு அவர் பேசவில்லை. வண்டி உருண்டது. கன்றுகள் கத்தியது கேட்டது. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. அதை இன்னும் என்னால் நம்பமுடியவில்லை.

அதன் பிறகு இங்கே கோடி வந்தார். அழுதுகொண்டே, "மேடம் ஏற முடியாத வண்டி எனக்கு எதுக்குன்னு சார் சொன்னாரு, உங்ககிட்ட சொல்லாதேன்னாரு" என்றார். சீட்டுதான் காரணம் என்று நான் இதுவரை நம்பியிருந்தேன்.

கணவருக்கு நினைவில்லை. வலது கை மட்டும் முழங்கால் பக்கம் போர்வையைத் தடவியபடி இருக்கிறது. என்ன தேடுகிறார் என்று நர்ஸ் கேட்டார்.

எழுதியதை வாசித்துக் காட்டினார்கள், நடந்தது நடந்தபடி இருக்கிறது. கையெழுத்தை வாங்கிக்கொண்டு என்னை உள்ளே விடுங்கள். அந்தக் கைக்குப் பிடிக்க என் கையாவது இருக்கட்டும்.

(ஒப்பம்) ட்ரூடி ஸ்டென்ஸ்லண்ட்