பலிக்காமல் போன கணிப்புக்கு ஒரு வாழ்த்து

கலகம் கருக்கொள்ளும் முன்னே அதன் காலடியைக் கேட்ட கணிதப் பேரறிவே, முப்பத்து நான்கு ஆண்டுகள் உள்நாட்டுப் போர்களை எண்ணி எண்ணியே முடி நரைத்த முதுபெரும் ஆய்வாளரே, எங்கள் துறைத்தலைவி அம்மையாரே, வணக்கம்.

எதைக் கேட்டாலும் நூற்றுக்கு இத்தனை என்றே விடையளிப்பீர்கள். "லிஃப்ட் வேலை செய்யுதா மேடம்?" என்றால் "நூத்துக்கு நாப்பது" என்பீர்கள். நாங்கள் படியேறுவோம். முதுகுக்குப் பின்னால் உங்களுக்குச் 'சதவீத அம்மா' என்று பெயர் வைத்தவர்கள் நாங்கள்தாம். உங்கள் ஓய்வு ஆணை வந்துவிட்டதால் துணிந்து ஒப்புக்கொள்கிறோம்.

பதினோராண்டுகளுக்கு முன் நடந்ததை இந்த அவையில் சொல்லியாக வேண்டும். மேய்ச்சல் நிலத்துக்காக இரு சாரார் முறைத்துக்கொண்டிருந்த மலை மாவட்டம் ஒன்றில், மூன்று மாதத்துக்குள் துப்பாக்கி வெடிக்கும் என்று உங்கள் கணக்கு சொன்னது: நூற்றுக்கு எழுபத்திரண்டு. அமைச்சக அதிகாரி தொலைபேசியில் சலித்துக்கொண்டார்.

"வரும்னு சொல்லுங்க, இல்ல வராதுன்னு சொல்லுங்க. எழுபத்திரண்டை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

"பத்து குக்கர் இருக்கு சார். ஏழு வெடிக்கப் போகுது. நீங்க எது பக்கத்துல நிப்பீங்க?" என்றீர்கள்.

மறுநாள் சமரசக் குழு மலையேறியது. நீங்களோ மூன்று மாதமும் சரியாகச் சாப்பிடவில்லை. காலையில் நீங்கள் செய்தித்தாளை வரி விடாமல் அந்த மாவட்டத்தின் பெயருக்காகத் தேடியதை எங்கள் தட்டச்சர் பார்த்திருக்கிறார். தொண்ணூற்றோராம் நாள் அதிகாரி மீண்டும் அழைத்தார்.

"என்ன மேடம், ஒண்ணுமே நடக்கலியே. நிலத்தைப் பங்கு போட்டுக் கையெழுத்தும் ஆயிடுச்சு. உங்க கணக்கு தப்பு."

அறையைவிட்டு வெளியே வந்து, "கணிப்பு ஊத்திக்கிச்சு. எல்லாருக்கும் டீ சொல்லுங்க" என்றீர்கள். அன்று நீங்கள் சிரித்த சிரிப்பை நாங்கள் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. ஆய்விதழ் மட்டும் சிரிக்கவில்லை. பலிக்காத கணிப்பை வெளியிடுவதற்கில்லை என்று, அதைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைத் திருப்பி அனுப்பியது.

அந்த மாவட்டத்தில் உங்களை யாருக்கும் தெரியாது. அந்த ஆண்டு பிறந்த குழந்தைகள் இப்போது ஆறாம் வகுப்பில் இருக்கிறார்கள்.

நோயின்றி நெடிது வாழ்க. வேண்டுமட்டும் உறங்குக. உங்கள் சன்னலோர அறை யாருக்கு என்பதில் நேற்றே இங்கு உள்நாட்டுப் போர் மூண்டுவிட்டது. அருள்கூர்ந்து விலக்கிவிட வராதீர்கள், ஓய்வெடுங்கள்.

இங்ஙனம்,
உள்நாட்டுப் போர் ஆய்வுத்துறை ஊழியர்கள்,
இரு அணியினரும்.