ஒரு தப்பும் வராத காகிதம்

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பேர். சர்க்கரை ஆலையில் கம்ப்யூட்டர் பார்ப்பவர்கள் என்பது பேச்சில் தெரிந்தது. மூத்தவர் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். இளையவர் மடியில் மடிப்பு மடிப்பாக அச்சடித்த காகிதம்.

“ஒரு தப்பும் வரலண்ணே. அதான் பேஜாரா இருக்குது.”

“வரலன்னா நிம்மதியா தூங்கு.”

“எந்தெந்த விவசாயிக்குக் கரும்பு வெட்ட ஆர்டர் போடணும்னு புரோகிராம் ஒவ்வொருத்தரா பாக்குது. முன்னல்லாம் ஒருத்தரைப் பாத்தா ஒரு வரி அடிச்சிது. பேப்பர் கட்டு கட்டா போவுதுன்னு, தப்பு இருந்தா மட்டும் அடின்னு மாத்தினோம் இல்ல?”

“ஆமா. ஒண்ணும் அடிக்கல. சரியா ஓடுதுன்னு மேனேஜர்கிட்ட சொல்லிட்டோம்.”

“இன்னைக்கி எல்லா வரியும் அடிக்கச் சொல்லிப் பாத்தேன். முகையூர் ஆளுங்க பேரு ஒண்ணுகூட இல்ல. அந்த ஊரு பக்கமே அது போவல. பாக்காத ஆளைப் பத்தி தப்புன்னு எப்படிண்ணே அடிக்கும்?”

மூத்தவர் கண்ணைத் திறந்தார்.

“ஆர்டர் இல்லாம வெட்டி மில்லுக்கு எடுத்தாரவும் முடியாது. அங்க கரும்பு காஞ்சிக்கினு இருக்குமேடா. மேனேஜர்கிட்ட சொன்னியா?”

“மத்தியானமே சொன்னேன். விசாரிச்சிட்டு வந்து, யாரும் குறை சொல்லலியேப்பான்னாரு.”

“யாரை விசாரிச்சாராம்?”

“மில்லு வாசல்ல கரும்பு வண்டியோட நின்னவங்களை.”