எட்டு மணி மாத்திரை

பெயரும் முகவரியும் தனித்தாளில் கொடுத்துள்ளேன். வயது நாற்பத்தாறு. சலவைக் கடையில் இஸ்திரி போடும் வேலை செய்து வருகிறேன். புகார்தாரர் என் முன்னாள் கணவரின் இப்போதைய மனைவி. முன்னாள் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்துள்ளார்.

ஐந்து வருடங்களுக்கு முன் அவருடைய இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்ததால் என்னுடைய ஒன்றைக் கொடுத்தேன். அதன் பிறகு மூன்று வருடம், காலை எட்டுக்கும் இரவு எட்டுக்கும் தவறாமல் மாத்திரை கொடுத்து வந்தேன். நேரம் தவறினால் உடம்பே புதுச் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அதன் பிறகு அவர் தேறி, கடைக்குப் போய், அங்கே கண் பரிசோதிக்கும் வேலைக்கு வந்த புகார்தாரருடன் பழகி, என்னை விவாகரத்து செய்தார். ஆற்றைக் கடக்கும் வரைக்கும்தான் அண்ணன் தம்பி. கெட்டுப்போன சிறுநீரகங்களைக்கூட மருத்துவர் வெளியே எடுக்கவில்லை, இருந்த இடத்திலேயே விட்டுவைத்தார். நான்தான் வெளியே வந்தேன்.

அதன் பிறகு தினமும் இருவேளை போன் செய்து மாத்திரையை நினைவூட்டினேன். போன வாரம் புகார்தாரர் என் நம்பர் வராதபடி செய்துவிட்டார். அதனால் செவ்வாய்க்கிழமை காலை எட்டேகாலுக்கு நேரில் போனேன். கதவு திறந்திருந்தது. இருவரும் சாப்பிட்டுக்கொண்டே சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவருக்குக் கன்னத்தில் சதை போட்டிருந்தது. என்னிடம் இருந்தபோது கால் வீங்கிப் படுத்திருந்தவர். நோயாளி எனக்கு, நல்ல ஆள் அவளுக்கு. எனக்கு வயிறு எரிந்தது, அதை மறைக்கவில்லை. மேசையிலிருந்த அட்டையில் இரண்டு நாள் மாத்திரை பிரிக்காமல் கிடந்தது.

“அக்கா, இன்னும் எதுக்கு வர்றீங்க? அவரு இப்ப என் புருஷன்” என்றார் புகார்தாரர்.

“நீயே வச்சுக்கோ. உள்ள இருக்கிறது என்னோடது” என்றேன்.

அதன் பிறகு மாத்திரையைப் பிரித்து முன்னாள் கணவரிடம் நீட்டினேன். அவர் கழுத்தை நெரித்தேன் என்று புகாரில் சொல்லியிருப்பது பொய். நான் தொடவே இல்லை. பழைய பழக்கத்தில் அவரே வாயைத் திறந்துவிட்டார். புகார்தாரருக்குப் பொறுக்காமல் போனது அதுதான். டம்ளரை எறிந்ததும் புகார்தாரர்தான்.

இனி அங்கே போகக் கூடாது என்றால் போகவில்லை. எட்டு மணிக்கு இந்தக் காவல் நிலையத்திலிருந்து யாராவது ஒரு போன் செய்தால் போதும். “அந்த வீட்டில் எனக்குச் சொந்தமானது எதுவும் இல்லை” என்று இந்த வாக்குமூலத்தின் கடைசியில் காவலர் எழுதியிருந்ததை மட்டும் அடிக்கச் சொன்னேன். மீதியெல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது, உண்மை. வாசிக்கக் கேட்டு, அடித்த இடத்திலும் சேர்த்துக் கையெழுத்திடுகிறேன்.