ஒரு போலந்து, ரெண்டு காப்பி

இல்லய்யா, இருக்கட்டும், நான் நின்னுக்கிடுதேன். வேட்டியெல்லாம் ஈரம். தென்காசியில பஸ்ஸு ஏறும்போது சுள்ளுன்னு வெயிலு. மேலகரம் தாண்டல, சாரல் பிடிச்சிட்டுது. குத்தாலத்துக்கு வந்துட்டு நனைஞ்சிட்டேன்னு சொன்னா எவன் கேப்பான்.

இதுவா? இது ஒண்ணுமில்ல, தூக்குச்சட்டியில நாலு வட, கொஞ்சம் காப்பி. சேச்சே, அப்படியெல்லாம் நெனைக்கப்பிடாதுய்யா. ஹெட்மாஸ்டர் ஐயாவப் பாக்க வெறுங்கைய வீசிக்கிட்டுப் போனான்னு ஊர்ல சொல்லப்பிடாதுல்லா, அதுக்குத்தான். மொளகு தட்டிப் போட்டிருக்கு. இந்தக் குளிருக்கு நல்லாருக்கும்.

நானா? பேரு சிவனணைந்தபெருமாள். யானைப்பாலத்துக்குப் பக்கத்துல காப்பி கிளப்பு. ஒங்க பள்ளிக்கூடத்துல அஞ்சாம் பாரம் படிக்கானே தில்லைநாயகம், அவனுக்கு அப்பன். ஆமாய்யா, அதே பயதான். கதர்ச் சட்டையப் போட்டுக்கிட்டு, வாத்தியாரு ஒரு வார்த்த சொல்லுததுக்குள்ள எந்திரிச்சு ரெண்டு கேள்வி கேப்பானே. வீட்டுலயும் அப்படித்தான். ரசத்துல உப்பு கொறைஞ்சா கூட வெள்ளக்காரன்லருந்துதான் ஆரம்பிப்பான்.

இல்ல இல்ல, பாஸ் போடுங்கன்னு கேக்க வரலய்யா. சத்தியமா அதுக்கு வரல. அப்படி வருதவிய எத்தன பேரப் பாத்திருப்பிய, அவிய மொகரையே வேறயில்லா. லீவுல வந்து உக்காந்திருக்கிய, தொந்தரவு பண்ணப்பிடாதுதான். ஆனா திங்கக்கிழம பள்ளிக்கூடம் தெறக்கிய, அன்னைக்கே லிஸ்டு ஒட்டிருவிய. நீங்க கும்மோணத்துப் பக்கத்துலருந்து போன வருசந்தான் வந்திருக்கிய. பயலப் பத்தித் தெரிஞ்சிருக்க நாயமில்ல. அதான் ரெண்டு வார்த்த சொல்லிட்டுப் போலாம்னு.

காலையில என்ன பண்ணுவான்னு கேக்கியளா? சீசன் வந்துட்டா அஞ்சு மணிக்கெல்லாம் எந்திரிச்சு, கூட்டாளி மசூதையும் எழுப்பிக்கிட்டு, நடந்தே இங்கன வந்து பெரிய அருவியில குளிச்சிட்டு, எட்டரைக்குத் திரும்பி வந்து நின்னமேனிக்கு நாலு தோச. சாயங்காலம் பூப்பந்து. பொறவு தபால்தலை. கிளப்புக்கு வருதவுகளுக்கு கொழும்புலருந்தும் ரங்கோன்லருந்தும் கடுதாசி வரும் பாத்தியளா, அத வாங்கி நம்ம பால்ச் சட்டி ஆவியில காட்டித் தலைய உரிப்பான். ஒரு நாளு பாலுக்குள்ளயே ஜார்ஜ் மன்னரு விழுந்துட்டாரு. அன்னைக்கிக் காப்பி குடிச்சவுகளுக்கு நான் சொல்லல.

அதுபோக ஒரு கையெழுத்துப் பத்திரிக. இடிமுழக்கம்னு பேரு. எழுதுதது இவன், படம் போடுதது மசூது. மாசம் ஒரே ஒரு பிரதி. அது யாரு கையில இருக்குன்னு அவனுவளுக்கே தெரியாது. ஆனா அட்டையில, இந்தியா முழுதும் கிடைக்கும்னு போட்டிருக்கும்.

அதெல்லாம் சவம் கெடக்கட்டும். பேப்பருக்கு வாரேன்.

முப்பத்தொம்பதுல சண்ட தொடங்கிச்சில்லா, அதுக்கு முன்னால நம்ம கிளப்புல ஒரு நாளைக்கி ரெண்டு படி அரிசிதான் ஊறப் போடுவோம். வருதவன் ஒரு காப்பியக் குடிப்பான், வாயத் தொடைப்பான், போயிருவான். சண்ட தொடங்கின மறுநாளு சாயங்காலம் ரயில்ல பேப்பரு வந்துது. எனக்கு அப்பம் எழுத்து தெரியாதுய்யா. பேப்பரு வாங்குதது வருதவுகளுக்காவ. முகம்மது மீரான்னு ஒருத்தரு, புளியங்குடிக்காரரு, தென்காசியில எலுமிச்சங்கா கமிசன் கட, டெய்லி நம்ம கிளப்புக்கு வருவாரு. அவரு அன்னைக்கின்னு பாத்து கண்ணாடிய விட்டுட்டு வந்துட்டாரு. ஏலே தில்லை, நீ வாசிலேன்னாரு. இவன் பெஞ்சு மேல ஏறி நின்னு வாசிச்சான்.

வாசிச்சான்னா, சும்மா வாசிக்கலய்யா. பேப்பருல நாலு வரி போட்டிருந்தா இவன் நாப்பது வரி படிச்சான். நடுவுல நிறுத்தி, இது ஏன் இப்படின்னு வெளக்கம். ஹிட்லரு மூணே வாரத்துல மண்டி போடுவான்னு சொன்னான். மூணு வாரத்துல வார்சாதான் மண்டி போட்டுது. என்னலேன்னு கேட்டா, அது ஒரு தந்திரம் மாமாங்கான். பிரான்சுக்காரன் ஒரு கோட்ட கட்டியிருக்கான், ஈ எறும்பு நுழையாதுன்னான். நுழையலதான். ஹிட்லரு அதச் சுத்திக்கிட்டுப் போயிட்டான். இந்த ரெண்டு வருசத்துல அவன் சொன்னதுல ஒண்ணாவது நடந்துதான்னு கேளுங்க, ஒண்ணும் நடக்கல. ஆனா ஒருத்தரும் கோவிச்சுக்கிடல. நடந்தது என்னன்னு தெரிஞ்சுக்கிடத்தான் பேப்பரு இருக்கே. நடக்காதத யாரு சொல்லுவா? அதக் கேக்கத்தான் நம்ம கிளப்புக்கு வந்தாவ. வந்தவுக சும்மா உக்கார முடியுமா?

ஒரு நாளு, போலந்த ரெண்டு பேரும் எப்படிவே பங்கு போட்டான்னு யாரோ கேட்டாவ. இவன் மீரான் எலையில கெடந்த ஊத்தப்பத்தத் தூக்கி நடுவாக்குல கிழிச்சான். இந்தப் பாதி ஜெர்மனிக்கி, அந்தப் பாதி ரஷ்யாவுக்குன்னு காட்டுதான். ஜெர்மனிப் பங்க மசூது வாங்கித் தின்னுட்டான். மீரான் பாவம் பாத்துக்கிட்டே இருந்தாரு. அன்னையிலருந்து நம்ம கிளப்புல ஊத்தப்பத்துக்குப் போலந்துன்னு பேராயிட்டு. சுரண்டையிலருந்து ஒரு சோலியா வருதவன் கூட, ஒரு போலந்து, ரெண்டு காப்பிங்கான். போலந்து எந்தத் தெசையில இருக்குன்னு அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

சிரிக்கிய. நல்லா சிரிங்க.

கொள்கையில மட்டும் பய கெட்டி. காப்பி அந்நியப் பானம், நாட்டு ரத்தத்த உறிஞ்சுதுன்னு மேச மேல கைய ஊணிக்கிட்டுப் பேசுவான். அவன் குடிக்கது மோரு. பேசுததுக்கு இடம் நம்ம கிளப்பு. அவ்வளவு பேரும் ஆமா ஆமான்னு தலைய ஆட்டிட்டு, இந்தப் பேச்சுக்கு இன்னொரு காப்பி குடிக்கலாம்வேன்னு சொல்லுவாவ. புள்ளைக்கிக் கொள்க இருக்கணும்யா. நான் ஊத்திக்கிட்டே கேப்பேன்.

பொறவு ஒரு சிஐடி வந்தாரு. மப்டியில. போலீஸ் பூட்ஸ மட்டும் கழத்த மறந்துட்டாரு. பய சர்க்காருக்கு விரோதமாப் பேசுதானான்னு பாத்துட்டுப் போவத்தான் வந்தாரு. நார்வேயில பாதிக் கத நடக்கும்போது இவன், மிச்சம் நாளைக்கின்னுட்டான். மறுநாளும் வந்தாரு. இப்பம் அவருக்குன்னே ஓரமா ஒரு எடம். ரிப்போட்டுல என்ன எழுதினிய ஐயான்னு கேட்டேன். போலந்து நல்லாருக்குன்னு எழுதிட்டேம்வேன்னாரு.

எதுத்தாப்புல பிச்சையா கிளப்புல ஒரு பேட்டரி ரேடியோவக் கொண்டாந்து வச்சான். நாலு நாளு நம்ம பெஞ்சுல ஈ ஓட்டினோம். அஞ்சா நாளு மொத ஆளா மீரான் திரும்பி வந்தாரு. என்ன மாப்ள, ரேடியோ பேசலியான்னு கேட்டேன். பேசுது அண்ணாச்சி, ஆனா ஒண்ணு கேட்டா பதிலு சொல்ல மாட்டேங்குன்னு சொல்லிட்டு உக்காந்தாரு. பொறத்தாலயே எல்லாரும் வந்துட்டாவ. இப்பம் நமக்கு எட்டு படி. ஆட்டுதவளுக்குக் கை வீங்கிப் போய், தொணைக்கி இன்னொருத்தியும் வச்சாச்சு.

இவ்வளவும் சொல்லுதேன், அவன் நல்லவன்ங்கதையும் சொல்லணும்லா. போன தை மாசம் எங்கிட்ட வந்து உக்காந்தான். அப்பா, வார வருசம் ஆறாம் பாரம், அது முடிஞ்சா திருநெல்வேலியில காலேசு, பொறவு மெட்ராசுல வக்கீல் படிப்பு, நான் போயிட்டா இங்கன யாரு பேப்பரு படிப்பா, நீங்களே படிச்சிருங்கன்னான். எனக்கு நாப்பத்தெட்டு வயசுய்யா. எனக்கு எதுக்குலேன்னேன். கேக்கல.

அரிச்சுவடியெல்லாம் கெடையாது. பேப்பருல கொட்ட எழுத்துல தலைப்பு இருக்குல்லா, அதுலதான் பாடம். நான் மொதல்ல படிச்ச வார்த்த என்ன தெரியுமா? குண்டு. ரெண்டாவது, வீச்சு. அம்மா, ஆடுன்னு எல்லாரும் படிப்பாவ. நான் குண்டு வீச்சு.

ஊர்ல எல்லார்கிட்டயும் எடுத்தெறிஞ்சு பேசுத பய, அந்த மூணு மாசமும் எங்கிட்ட ஒரு வாட்டி சலிச்சுக்கிடல. என் விரலப் பிடிச்சு எழுத்து மேல வச்சு நகட்டுவான். மாவுக் கையி, காயிதத்துல ஒட்டிக்கிடும். மெதுவா உரிச்சு எடுத்துட்டு, மறுக்க அதே எழுத்துல வைப்பான். அவன் அம்மா மூக்கம்மா அடுப்படிக்குள்ள நின்னு சிரிப்பா. அவளப் பாத்து ஒரு மொற மொறைப்பான், அவ்வளவுதான்.

சித்திரையில பரிச்ச வந்துதுல்லா, அந்த ரெண்டு வாரமும் நீங்களே கிளப்புல படிங்கன்னுட்டான். நானும் பெஞ்சு மேல ஏறலய்யா, கீழ நின்னுதான் படிச்சேன். கி, ரீ, சுன்னு தடவிக்கிட்டு நிக்கேன். மீரான் சொல்லுதாரு, அண்ணாச்சி, நீரு உள்ள நுழையுததுக்குள்ள ஹிட்லரு கிரீசப் பிடிச்சிட்டுப் போயிட்டான்வேன்னு. ஒரே சிரிப்பு. மூணா நாளு பாதிப் பெஞ்சு பிச்சையா கிளப்புல. சிஐடியும் போயிட்டாரு. மாவு பொங்கிப் புளிச்சு, வாய்க்கால்லதான் கொட்டினோம்.

பரிச்ச முடிஞ்சு அவன் திரும்ப வந்து பெஞ்சுல ஏறினான், சரியாப் போச்சு. அத விடுங்க.

அதுக்குப் பொறவு ஒரு நாளு. அவன் பூப்பந்து வெளையாடப் போயிருக்கான். தகரப் பெட்டி மேல அந்த இடிமுழக்கம் கெடக்கு. எழுத்து தெரியாதப்பம் எத்தனையோ நாளு அது மேல காப்பிப் பானைய வச்சிருக்கேன். தெரிஞ்ச பொறவு கையி சும்மா இருக்குமா? எடுத்தேன். ஒரு பக்கம் படிக்க ஒரு மணி நேரமாச்சு. ஒரு மணி நேரம் படிச்சதுனால மனசுல அப்படியே நின்னுட்டுது. சொல்லட்டுமா?

எங்கள் ஊரில் ஒரு காப்பிக் கடைக்காரர் இருக்கிறார். ஐரோப்பாவில் ஒரு பட்டணம் எரிந்தால் அவர் ஒரு படி அரிசி கூடுதலாக ஊறப் போடுவார். சமாதானம் வந்துவிடுமோ என்று அவருக்குப் பயம். நான் வாசிக்கிற சாவெல்லாம் அவர் ஆட்டுரலில் மாவாகிறது. அவரை எனக்கு மிகவும் பிடிக்கும். ஆகையால் நான் சீக்கிரம் போய்விட வேண்டும்.

அம்புட்டுத்தான். கீழ மசூது ஒரு படம் போட்டிருந்தான். தொந்தியெல்லாம் அப்படியே வந்திருந்துது.

பொய்யின்னு சொல்ல முடியலய்யா. லண்டன்ல குண்டு விழுந்த வாரம் பத்து படி போட்டது நெசந்தான். குண்ட நானா போட்டேன்? அரிசிதான போட்டேன். இத அவங்கிட்ட நின்னு கேட்டிருக்கலாம். கேட்டா, அத எப்படிப் படிச்சியன்னு கேப்பான். நீ சொல்லிக் குடுத்துத்தாம்லேன்னு சொல்லணும். அது எனக்கு முடியல. எடுத்த எடத்துல எடுத்த மாதிரியே வச்சிட்டு, சட்னிக்குத் தேங்கா திருவப் போயிட்டேன்.

வாரேன், வாரேன், அதுக்குத்தான் வாரேன். சாரலும் விட்டாப்புல இருக்கு.

சண்ட இப்பம் முடியுதாப்புல இல்ல. இவன் ஆறாம் பாரம் ஏறிட்டான்னா அடுத்த ஆனி மாசம் பெட்டியத் தூக்கிருவான். அதனால, லிஸ்டு ஒட்டும்போது அவன் பேர மட்டும் விட்டுட்டு ஒட்டிட்டியன்னா நல்லாருக்கும். அஞ்சாம் பாரத்துலயே இன்னொரு வருசம் உக்காரட்டும். கணக்குல போயிட்டுதுன்னு சொல்லுங்க, நம்பிருவான். நீங்க சொன்னா நம்புவான், ஒங்க மேல அவனுக்கு மரியாத உண்டு. நான் வந்துட்டுப் போனத மட்டும் சொல்லிராதிய.

மாவுக்காவத்தான் கேக்கேன்னு நெனைப்பிய. மாவுக்காவவுந்தான், ஒங்ககிட்ட பொய் சொல்லப்பிடாது. ஆனா அந்தப் பக்கத்த எழுதின கையோட அவன் போயிரப்பிடாதுய்யா. ஒரு வருசம் கூட இருந்தா வேற மாதிரி எழுதுவாம்லா?

என்னது?

எத்தனாவதுன்னு சொன்னிய? தாசில்தார் மவன், டாக்டர் மவன், அவியல்லாம்? அவியளுக்கும் மேலயா?

அவனுக்கே இன்னும் தெரியாதா? ஆமா, லிஸ்டு ஒட்டினாத்தான தெரியும். இன்னொருக்கச் சொல்லுங்கய்யா. கணக்குலயுமா?

ம்.

பள்ளிக்கூடத்துக்கே மொதலு.

அப்பம், நெறைய மார்க்குல்லாய்யா கொறைக்க வேண்டியிருக்கும்.