காலி வண்டியில் லோடு

மத்தியானம் பன்னிரண்டரை மணி. சாத்தனூர் அணைக்குப் போகிற காட்டு ரோடு.

ராத்திரி இல்லையா என்று கேட்காதே, மாறா. உச்சி வெயிலில் நடந்ததுதான் இது. மொபைல் லைட்டை அணை. எல்லாரும் கொஞ்சம் கிட்ட வாங்க. நம்ம அஸ்பாக்கோட பெரியப்பாவுக்கு நடந்தது. அவன் இன்றைக்கு வரவில்லை, அதனால்தான் சொல்கிறேன்.

நசீருதீன் என்று பேர். பழைய வேன் ஒன்றில் கல்யாணங்களுக்குப் பாத்திரம், நாற்காலி ஏற்றிப் போகிறவர். அன்றைக்கு ஒரு கிராமத்தில் எல்லாவற்றையும் இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். பின்னால் ஒன்றுமே இல்லை. வெறும் தகரம் கடகடவென்று ஆடிக்கொண்டு வந்தது.

அந்த ரோட்டில் ஒரு புளியமரம் இருக்கிறது, அது கண்ணில் பட்டாலே அவருக்குக் கை வேர்க்கும். பதினொரு மாசமாக அப்படித்தான்.

போன ஐப்பசி மழையில், அதே இடத்தில், லோடு இறக்கிவிட்டுத் திரும்புகிறபோது ஒரு ஆடு குறுக்கே வந்தது. பிரேக்கை மிதித்தார். வண்டியின் பின்பக்கம் அப்படியே சுழன்று... மரத்தில் அடித்தது. பின்னால் சாகில் படுத்திருந்தான். அவர் மனைவி வஜீதாவின் தம்பி. இருபத்திரண்டு வயசு. அங்கேயே போய்விட்டான். கனத்த உடம்பு. "நீ ஏறினா போதும்டா, அரை லோடு" என்று கிண்டல் பண்ணுவார் இவர். அவன் உள்ளேயிருந்தே வெள்ளி மோதிரத்தால் தகரத்தைத் தட்டுவான். ஒரு தட்டு என்றால் நிறுத்து. ரெண்டு தட்டு என்றால் போலாம்.

ஒன்று சொல்ல வேண்டும். அந்த மாதிரிப் பழைய வண்டிகளில் பின் அச்சுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வால்வு இருக்கும். அதிலிருந்து அச்சுக்கு ஒரு கம்பி. லோடு ஏறினால் வண்டி அமுங்கும், கம்பி மேலே போகும், பின் சக்கரத்துக்குப் பிரேக் ஜாஸ்தி போகும். வண்டி காலியென்றால் கம்பி தாழும், பிரேக் கம்மியாகும். அப்படிக் கம்மியாகவில்லை என்றால், காலி வண்டியின் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கிவிடும்.

அந்த வால்வை விபத்துக்கு ஒரு வாரம் முன்னால்தான் தசரதன் புதுசாகப் போட்டுவிட்டேன் என்று சொல்லியிருந்தான். வேங்கிக்காலில் மெக்கானிக் ஷெட் வைத்திருப்பவன். இருபது வருஷ சிநேகிதம். அந்த வண்டிக்கு அடியில் அவனைத் தவிர யாரும் படுத்ததே இல்லை. விபத்துக்கு அப்புறம் படுத்துப் பார்த்ததும் அவன்தான். எழுந்து வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, வஜீதாவிடமே சொன்னான்.

"வண்டி மேல ஒரு குறையும் இல்லங்க. பாய் மிதிச்ச மிதிதான்."

சாகிலின் ஜனாசாவை அடக்கத்துக்குத் தூக்கிப் போனபோது தோளும் கொடுத்தான்.

நசீருதீன் நம்பினார். தசரதன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அன்றையிலிருந்து வஜீதா அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. தட்டை வைப்பாள்... போய்விடுவாள்.

சரி. மத்தியானம் பன்னிரண்டரை. புளியமரம் வந்தது.

கிரீச்...

பின்பக்க ஸ்பிரிங் பட்டை அமுங்கியது. வண்டி பின்னால் தாழ்ந்தது, ஆள் ஏறி உட்கார்ந்த மாதிரி. தகரத்தின் ஆட்டம் நின்றுவிட்டது. கண்ணாடியில் பார்த்தார். யாருமில்லை. ஆனால் அந்த வெயிலில் மழையில் நனைந்த துணி வாசனை... அதோடு சாகில் போடுகிற அத்தர்.

டக்.

ஒரு தட்டு. கால் தானாக பிரேக்குக்குப் போனது.

இறங்கி நின்றார். காக்கா கூடக் கத்தவில்லை. இப்போது சத்தம் அடியிலிருந்து வந்தது. டக். பின் அச்சுப் பக்கம். டக். வேறு வழி தெரியாமல் முதல் தடவையாக அந்த வண்டிக்கு அடியில் படுத்தார்.

வால்வு புதுசில்லை. துருப்பிடித்த அதே பழசு. கம்பி அச்சிலிருந்து அறுந்து கிடந்திருக்கிறது. அதை மேலே தூக்கி, லோடு இருக்கிற மாதிரி, கட்டுக்கம்பியால் கட்டி வைத்திருந்தது. மூன்று முறுக்கு, முனையை உள்ளே மடித்து. யார் கையையும் கிழித்துவிடக் கூடாது என்று தசரதன் எப்போதும் அப்படித்தான் மடிப்பான்.

ஷெட்டுக்குப் போனார். தசரதன் மட்டும்தான் இருந்தான்.

"வால்வு புதுசுன்னு சொன்னியே தசரதா?"

"புதுசுதான் பாய்."

"படுத்துப் பாரு."

படுத்தான். அப்புறம் அடியிலிருந்து குரல் மட்டும் வந்தது.

"இந்த மாடலுக்குச் சாமான் கிடைக்கல பாய். ஒரு வாரத்துக்குன்னு கட்டி வெச்சேன்."

"அப்புறம்?"

"அதுக்குள்ள அவன் போயிட்டான். எப்படிச் சொல்றது?"

"பதினொரு மாசம் நானும் இதே வண்டியத்தானடா ஓட்டினேன்..."

நசீருதீன் குனிந்தார்.

"வந்து வஜீதாகிட்ட சொல்லு."

அடியில் சிரிப்புச் சத்தம் கேட்டது. "சொன்னா என் ஷெட்டுக்கு எவன் வருவான்? உனக்குத்தான் அந்தப் பழி பழகிப்போச்சுல்ல பாய்."

நசீருதீன் வண்டியை விட்டு ரெண்டடி தள்ளிப் போனார். இருபது வருஷம்.

கிரீச்...

"பாய்... யாரு ஏறினது?"

"யாரும் ஏறல."

"வண்டி நெஞ்சு மேல உக்காருது பாய்... அவன இறங்கச் சொல்லு!"

"எவன?"

மூச்சுச் சத்தம் மட்டும்.

டக்.

"சொல்லிடறேன்... சொல்லிடறேன்..."

வண்டி மெல்ல எழும்பியது. தசரதன் ஊர்ந்து வெளியே வந்தான். சட்டையின் நெஞ்சுப் பக்கம் முழுக்க ஈரம். ஷெட்டில் சொட்டுத் தண்ணீர் கிடையாது.

சாயங்காலம் தசரதன் நசீருதீன் வீட்டுக்கு வந்தான். வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னான். வஜீதா அழவில்லை. கேட்டு முடித்ததும் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"சாப்பிட்டீங்களா?"

அவ்வளவுதான். நசீருதீன் தூணைப் பிடித்துக்கொண்டார்.

தசரதன் தெருவில் இறங்கி பைக்கை எடுத்தான். தனியாகத்தான் வந்திருந்தான், தனியாகத்தான் ஏறினான். ஆனால் பைக்கின் பின்பக்கம் முழுசாக அமுங்கி, மட்கார்டு டயரில் உரசியது. சர்ர்... சர்ர்... அவன் திரும்பிப் பார்க்கவில்லை. தெருமுனை வரைக்கும் அந்தச் சத்தம்.

அங்கே திரும்புகிறபோது இன்னொரு சத்தம். மட்கார்டுத் தகரத்தில், மோதிரத்தால்.

டக்... டக்.