பதினெட்டு செகண்டு சான்று

— 'ஆள் பற்றாக்குறைக்கு முடிவு'ன்னு இந்த நோட்டீசுல போட்டிருக்கான் பாரு ஆரிபா! எங்க வரிச்சிக்குடியில அறுப்பு மிஷினு மொத மொதலா வயல்ல எறங்குனப்ப நாங்க இருவத்தாறு பொம்பளைங்க கருக்கருவாளோட வரப்புல நின்னோம். யாருக்குடி பற்றாக்குறை?

— அஞ்சுகம் அக்கா, நாளைக்குப் பரீட்சையில இத அப்படியே எழுதிட்டு வந்துடாதீங்க. கேள்வி என்ன? 'சான்று ஒன்றின் நம்பகத்தன்மையை மதிப்பிடுக.' ஒங்க கதைய யாரும் கேக்கல.

— எங் கதையில்லாம வேற யாரு கதையாம்? பாடத்தோட பேரே 'தொழில்நுட்பமும் சமூகமும்'. மிஷினு தொழில்நுட்பம். நாந்தான் சமூகம்.

— நீங்க சமூகந்தான். பேப்பர் திருத்துறவங்களுக்கு அது தெரியாதுல்ல? சான்றுல இருக்கறத வெச்சுத்தான் பேசணும். சொல்லுங்க, இந்த நோட்டீச அச்சடிச்சது யாரு?

— மிஷின வாடகைக்கு வுடுறவன்.

— யாருக்காக?

— நெலம் வெச்சிருக்கவங்களுக்காக.

— எதுக்கு?

— அவன் மிஷினத்தான் கூப்புடணும்னு.

— அப்ப எத சொல்லாம வுட்டிருக்கான்?

— என்னய வுட்டிருக்கான்!

— அவ்வளவுதான்க்கா! அத எழுதுங்க. 'இச்சான்று விளம்பர நோக்கில் உருவானது. கூலித் தொழிலாளர் தரப்பு இதில் இடம்பெறவில்லை.' முழு மார்க்கு.

— அடி ஆத்தே! இம்புட்டுதானா? இதுக்கா போன தடவ ரெண்டு பேரும் சமூக அறிவியல்ல மண்ணக் கவ்வுனோம்? இன்னொண்ணு குடு, இன்னொண்ணு குடு.

— சான்று ரெண்டு. ஒரு விவசாயி பத்திரிகைக்கு எழுதுன லெட்டர். 'மழைக்கு முந்தின நாள் இயந்திரம் கிடைத்ததால் என் பயிர் தப்பியது'ங்கறாரு. இவரு சொல்றது உண்மையா?

— உண்மைதான்டி. ஒரு வருஷம் தை மாசத்துல மழ அடிச்சு ஊத்துச்சு. மிஷினு மட்டும் வரலன்னா அத்தன நெல்லும் வயல்லயே மொளச்சிருக்கும். எங்க கை அந்த வேகத்துக்கு ஓடாது. ஐயய்ய, இதயும் ஒத்துக்கணுமா?

— ரெண்டயும் எழுதுனாத்தான் அது பதிலு.

— எழுதிப்புடறேன். ஆளக் கெடுத்துச்சு, நெல்லக் காப்பாத்துச்சு. நாளைக்கு மத்தியானம் ரெண்டரை மணிக்கு அந்த ஹால்ல ஒக்காந்தேன்னா என் பேனா நிக்காது பாத்துக்க. பத்தாவது மட்டும் பாஸாயிட்டா, அங்கன்வாடியில இந்த ஆயா வேலைக்கு ஒரு கும்புடு. நானே டீச்சரு!

— ஒங்களுக்கு வரும்க்கா. நல்லா எழுதிட்டு வாங்க.

— என்னாது, என்னய மட்டும் வழியனுப்புறாப்புல பேசுறே? ஏ புள்ள, வந்ததுலேருந்து பாக்குறேன். எனக்குச் சொல்லிக் குடுக்குறே, ஒம் பொஸ்தகத்த நீ தொறக்கவே இல்ல.

— நான் நாளைக்கு வரலக்கா.

— என்னா சொன்னே?

— மச்சானுக்குத் தெரிஞ்சு போச்சு. காலையில வாய்ஸ் மெசேஜ் போட்டிருக்காங்க.

— ஒன் வூட்டுக்காரரா? ஷார்ஜாவுலேருந்தா? நீதான் தையல் கிளாஸுக்குப் போறதா சொல்லி வெச்சிருந்தியே?

— ஆமாக்கா. போன தடவ பரீட்சைன்னு உண்மையத்தான் சொன்னேன். 'எம் பொண்டாட்டி பத்தாவது எழுதுறா'ன்னு ரூம்ல இருக்க எட்டு பேருக்கும் பிரியாணி ஆக்கிப் போட்டாங்க. நான் ஃபெயிலாயி நின்னேன். 'போதும் வுடு ஆரிபா, எதுக்கு ஒடம்ப கெடுத்துக்கறே'ன்னாங்க. அதுக்கு மேல சொல்ல வாய் வரல. பாஸான பொறவு சொல்லிக்கலாம்னு இருந்தேன். யாரோ முந்திக்கிட்டாங்க.

— அப்படி என்னதான் சொல்லியிருக்காரு? போட்டுக் காட்டு.

— கேளுங்க. 'இன்னிக்கும் நாளைக்கும் எங்கயும் போயிடாதே. வீட்லயே இரு. யார்ட்டயும் எதுவும் சொல்லிக்க வேணாம். மத்தத நேர்ல பேசிக்கலாம்.' அவ்வளவுதான். பதினெட்டு செகண்டு. பேரு சொல்லிக்கூட கூப்புடல. கோவம் இருந்தாதான் இப்படி பேசுவாங்க.

— திருப்பிக் கூப்பிட்டியா?

— இல்லக்கா. கூப்பிட்டா 'பரீட்சைக்குப் போவாதே'ன்னு வாயத் தொறந்து சொல்லிடுவாங்க. சொல்லிட்டா மீறிப் போவ என்னால முடியாது.

— ரெண்டு பஸ் மாறி இந்தத் திருமலைராயன்பட்டினத்துக்கு நான் வந்தது நீ அழுவுறதப் பாக்கவா? இந்தா, போன இஞ்ச குடு. இது சான்று மூணு.

— அக்கா, வெளையாடாதீங்க.

— யாருடி வெளையாடுறா? சான்றுல இருக்கறத வெச்சுத்தான் பேசணும்னு எனக்குப் பாடம் நடத்திட்டு நீயே மொத வரியில முடிவு கட்டிப்புட்டே. சொல்லு. உருவாக்குனது யாரு?

— நூருல் அமீன். என் வீட்டுக்காரங்க.

— யாருக்காக?

— எனக்குத்தான். என் போனுக்குத்தானே வந்திருக்கு.

— சரி, மேல போ. எப்ப?

— பதினொன்னு நாப்பதுக்கு.

— அங்க அப்ப மணி எத்தன?

— ஒன்னரை மணி நேரம் பின்னாடி. பத்து பத்து.

— அந்நேரத்துக்கு மனுஷன் என்ன பண்ணிட்டிருப்பாரு?

— சூப்பர் மார்க்கெட்ல பில்லு போட்டுக்கிட்டு இருப்பாங்க. எட்டு மணிக்கு ஷிஃப்டு. போன லாக்கர்ல வெச்சுப் பூட்டிட்டுத்தான் உள்ள... அக்கா!

— என்னா?

— மத்தியானம் வரைக்கும் போனத் தொட முடியாது! நாலு வருஷத்துல ஒருநாளும் காலையில பேசுனதே இல்ல. இன்னிக்கு செவ்வாக்கெழம, லீவும் கெடயாது.

— ஆங்! இரு இரு, மூச்சு வுடு. இன்னொரு தடவ போடு. சத்தத்த நல்லா ஏத்து. பின்னாடி எவனோ என்னமோ கத்துறான்.

— கடையில கூட்டமா இருக்கும்க்கா.

— காதுகிட்ட வெச்சுக் கேளு. '...பிஞ்சேய்... பிஞ்சேய்...' வெள்ளரிப்பிஞ்சுடி!

— அந்தக் கடையில எல்லாம் விக்கும்.

— விக்கும். ஏசி போட்ட கடையில கூடையத் தூக்கிக்கிட்டு கூவி விப்பாங்களா? அதுவும் தமிழ்ல?

— அல்லாவே! குடுங்க, நான் போடறேன். இருங்க... கடைசியில ஒருத்தர் குரலு கேக்குது. '...சாவூர், ...சாவூர், ஒக்காந்து போலாம்'...

— தஞ்சாவூரு! திருச்சி பஸ் ஸ்டாண்டு! எந் தங்கச்சியப் பாத்துட்டுத் திரும்புறப்பல்லாம் இந்தச் சத்தத்துலதான் ஏறுவேன்.

— திருச்சியிலதானேக்கா ஃபிளைட்டு எறங்கும்! 'நேர்ல பேசிக்கலாம்'னு சொல்லியிருக்காங்க. நேர்ல!

— அந்த வார்த்த காலையிலேருந்து ஒங் காதுலதான் இருந்துச்சு. நீ கோவத்த மட்டும் கேட்டே.

— வந்துட்டாங்க! அக்கா, அவங்க வந்துட்டாங்க! எம் மக ஷஃபீனாவ மூணு மாசக் கொழந்தையா என் கையில குடுத்துட்டுப் போனவங்க. இப்ப எல்கேஜி போறா!

— ஆடாதடி, டீய தட்டி வுட்டுட்டே பாரு! என் நோட்டு, என் நோட்டு!

— நோட்டு கெடக்குது வுடுங்க. வீடு இருக்குற கோலத்தப் பாருங்க! ஆனா நாளைக்கு நான் எப்படிக்கா வருவேன்? நாலு வருஷம் கழிச்சு வர்றவங்க பூட்டுன கதவப் பாத்துக்கிட்டு நிக்கிறதா?

— நாளைக்கு எங்கேருந்து வந்துச்சு? மணி நாலு ஆவப் போவுது. காலையில திருச்சியில ஏறுனவரு இந்நேரம் நாகூரத் தொட்டிருப்பாரு. கூப்புடு. இப்ப என்ன பயம்?

— இப்பத்தான் ரொம்ப பயமா இருக்கு... அக்கா, வாட்ஸ்அப் கால் போவுது! அங்க இருந்தா இது எடுக்காது, வேற ஆப்புலதான் பேசுவோம். ரிங்கு போவுது பாருங்க!

— ஸ்பீக்கர்ல போடு, ஸ்பீக்கர்ல.

— ஹலோ... ஆரிபாவா? என்னம்மா, இந்த நேரத்துல?

— எங்க இருக்கீங்க மச்சான்?

— வந்து... கடையிலதான். வேற எங்க?

— 'படியில நிக்காதே'ன்னு சத்தம் போடுறாரே, அவரு ஒங்க மேனேஜரா?

— அது வந்து...

— தம்பி, நான் அஞ்சுகம். ஆரிபாவோட கூடப் படிக்கிறவ. திருச்சி பஸ் ஸ்டாண்டுல வெள்ளரிப்பிஞ்சு நல்லா இருந்துச்சா?

— நான் வாங்கலக்கா... இருங்க, ஒங்களுக்கு எப்படித் தெரியும்?

— ஒங்க மெசேஜ்லயே கேக்குது மச்சான். எங்கயும் போவாதேன்னு காலையில எனக்குப் போட்டீங்களே!

— ஒனக்கா? ஒனக்கு எதுக்கு நான் போடறேன்? ஜன்னத்துக்குல்ல போட்டேன்!

— அது யாரு தம்பி ஜன்னத்து?

— என் தங்கச்சிக்கா, ஜன்னத்துல் பிர்தௌஸ். பட்டினத்தத் தாண்டி கோவில்பத்துல இருக்கா. இருங்க, பாக்குறேன்... யா அல்லாஹ்! ஆரிபாவுக்குத்தான் போயிருக்கு. அதான் அவகிட்டேருந்து பதிலையே காணோமா!

— போச்சு ஆரிபா, 'யாருக்காக'ங்கறதுல நம்ம ரெண்டு பேருக்கும் முட்ட.

— ஜன்னத்த எதுக்கு மச்சான் வீட்ல இருக்கச் சொன்னீங்க? நம்ம வீடு இங்க இருக்கப்ப நீங்க ஏன் அங்க போறீங்க?

— நாளைக்கு ஒனக்குப் பரீட்சைன்னு அவதான் சொன்னா. நான் வந்து நின்னா நீ பொஸ்தகத்தத் தொடுவியா? சொந்தக்காரங்க வருவாங்க, பொட்டியப் பிரின்னுவாங்க, ஆக்கிப் போடத்தான் ஒனக்கு நேரம் இருக்கும். ரெண்டு நாளு அங்க இருந்துட்டு, நீ எழுதி முடிச்ச பொறவு வரலாம்னு பாத்தேன். கேளும்மா, நீ படி. நான் எறங்கல.

— பஸ் இப்ப எங்க வருது?

— வாஞ்சூரு தாண்டுது.

— அக்கா, வாஞ்சூரு! பத்து நிமிஷத்துல பட்டினத்துக்குள்ள வந்துரும்! சொந்த ஊருக்குள்ளயே தலையக் குனிஞ்சுக்கிட்டு போவப் போறீங்களா மச்சான்?

— துண்டப் போத்திக்கிட்டு ஜன்னலோரமா தூங்குறாப்புல போயிடலாம்னு இருந்தேன்.

— நான் ரோட்டுல வந்து பஸ்ஸ மறிப்பேன்!

— மறிப்பா தம்பி. நானும் கூட நிப்பேன்.

— சரி சரி. எறங்குறேன். ஆனா எறங்குறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன் ஆரிபா. ஒம் மொகத்தப் பாத்தா சொல்ல வராது.

— என்ன மச்சான்?

— நான் லீவுல வரல. விசாவ கேன்சல் பண்ணி அனுப்பிட்டாங்க. பில்லு போட மெஷின் வெச்சுட்டாங்க. சாமான் வாங்குறவங்களே அதுகிட்ட காட்டிட்டுப் போயிடறாங்க. பதினோரு கவுண்டர்ல ரெண்டுதான் பாக்கி. நான் நின்ன எடத்துல இப்ப அது நிக்குது. கேக்குதா ஆரிபா?

— கேக்குது.

— தம்பி, ஒங்களுக்கு என்ன நடந்துச்சுன்னு எனக்கு யாரும் வெளக்கிச் சொல்ல வேணாம். எறங்கி வாங்க மொதல்ல.

— மச்சான், நாளைக்கு நான் போவல. நீங்க இப்படி வந்து நிக்கறப்ப நான் போயி பரீட்சை எழுதுறதா?

— இதுக்குத்தான்டி நான் ஒளிஞ்சதே! முழுசாக் கேளு. அந்த மெஷினப் பாத்துக்கறதுக்கு நாலு ஆள மட்டும் வெச்சுக்கிட்டாங்க. மேனேஜரு என் பேரத்தான் மொதல்ல எழுதுனாரு.

— பொறவு?

— பத்தாவது சர்டிஃபிகேட் கேட்டாங்க. நான் எங்க போவேன்?

— ஏன், நிக்காஹ் பேசுறப்ப மாப்பிள்ள பத்தாவது பாஸுன்னு சொன்னாங்களே?

— அது எங்க வாப்பா ஒங்க வாப்பாகிட்ட சொன்னது. நான் ஒம்போதாவதோட நின்னவன். ஒங்கிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு. போன தடவ பிரியாணி ஆக்கிப் போட்டதும் நாந்தான். நீ ஃபெயிலுன்னதும் மனசுல ஒரு ஓரத்துல அப்பாடான்னு இருந்ததும் எனக்குத்தான். அந்த ஓரத்துலேருந்துதான் 'போதும் வுடு'ன்னு சொன்னேன். பட்டினம் வந்துருச்சு ஆரிபா. கண்டக்டரு விசில எடுத்துட்டாரு. எறங்கவா, வேணாமா?

— எறங்குங்க மச்சான். எறங்குங்க! அக்கா, என் துப்பட்டா எங்க? செருப்பு எங்க?

— இந்தா. உள்ள தூங்குற ஷஃபீனா முழிச்சா நான் பாத்துக்கறேன். போன வெச்சுடாதே, பேசிக்கிட்டே ஓடு.

— மச்சான்! எறங்கிட்டீங்களா? நான் தெருவுக்கு வந்துட்டேன். பஸ்ஸு தெரியுது, ஒங்களக் காணோம்!

— பஸ்ஸுக்கு இந்தப் பக்கம் நிக்கறேன், ஓடாதே, பாத்து வா. ஆரிபா... நாளைக்கு நீ எழுதி முடிச்ச கையோட எனக்கும் ஒரு ஃபாரம் போட்டுரு. அடுத்த தடவ நான் எழுதறேன், பாடம் நீதான் சொல்லிக் குடுக்கணும்.