மெதுவாப் போடுற கோடு

இல்ல ஆன்ட்டி, வெலைய அப்பறம் பேசலாம். மொதல்ல ஸ்கேல் ஒண்ணு இருக்குமா உங்ககிட்ட? மரமோ பிளாஸ்டிக்கோ, எதுன்னாலும் சரி. கண்ணாடில கீறல் விழாம வெக்கிறேன், பயப்படாதீங்க. ஸ்கிரீன் மேலயே படம் வரையற உங்க பழைய பென் டிஸ்பிளேய வாங்க வந்தவ ஸ்கேல் கேக்குறாளேன்னு பாக்குறீங்க. இருங்க, காட்டுறேன்.

இந்த மூலைலருந்து அந்த மூலைக்கு, சாய்வா, நத்தை ஊர்ற மாதிரி ஒரு கோடு. வேகமாப் போட்டா எந்த ஓட்டை மெஷினும் நேராத்தான் போடும். மெதுவாப் போட்டாத்தான் அதோட வண்டவாளம் தெரியும். ம், நேரா வருது. நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் என்ன ஸ்கேல் வெச்சா வேலை பாக்கப் போறேன்?

பேரா? லெசியேலி. மாங்கெரேலருந்து வர்றேன், ரெண்டு பஸ் மாறி. எங்க அண்ணன் ஃபெலெதி வண்டில கொண்டாந்து விடுறேன்னான். நான்தான் வேணாம்னுட்டேன். வாய வெச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டான். உன் கோட்டைப் பாத்தா எறும்பு குடிச்சிட்டு நடந்த மாதிரி இருக்குடின்னு வீட்ல எல்லார் முன்னாடியும் சொல்றவன், இங்க வந்தா மட்டும் அடங்கிடுவானா.

இப்ப என்கிட்ட இருக்கறது ஸ்கிரீன் இல்லாத டேப்லெட். சும்மா ஒரு கறுப்புப் பலகை. கை கீழ மேசைல இருக்கும், கண்ணு மேல கம்ப்யூட்டர்ல இருக்கும். அஞ்சு வருசமா அதுலதான் வரையறேன், ஒரு பிரச்சனையும் இல்ல. ரெண்டு மாசமாத்தான் கோடு நெளியுது. நெட்ல கேட்டா, கையும் கண்ணும் வேற வேற எடத்துல இருந்தா அப்படித்தான், வரையற எடத்தையே பாத்து வரைஞ்சா சரியாயிடும்னு ஆளாளுக்கு சொல்றாங்க. அதான் பென் டிஸ்பிளேக்கு அலையறேன்.

காலேஜா? பள்ளிக்கூடமே போன வருசத்தோட நிறுத்திட்டேன். இன்னும் ஒரு வருசம் முடிச்சிட்டுப் போயேன்னு டீச்சர் கெஞ்சாத கொறை. வரைஞ்சு பொழைச்சுக்குவேன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டு வந்துட்டேன். இப்ப ஒட்டாஹுஹுல டி-ஷர்ட் அடிக்கிற கடைல இருக்கேன். எங்க டோங்கா சனங்களோட சர்ச் விழா, குடும்ப விழா, இருபத்தோராவது பிறந்தநாளு, எல்லாத்துக்கும் டிசைன் நான்தான். எங்க ஊர்ல மரப்பட்டையத் தட்டிச் செய்ற துணில போடுவாங்கல்ல, அந்த மாதிரி கோடு கோடா வரணும். பக்கத்துப் பக்கத்துல முப்பது நாப்பது. ஒண்ணு ஆடினாப் போதும், மொத்தமும் கெட்டுச்சு.

ஒரு கோட்டை வரைஞ்சு காப்பி எடுத்துக்கலாம்தான், யாரு இல்லன்னா. ஆனா எல்லாம் கையால போட்டதுன்னு சொல்லித்தான் முதலாளி விக்கிறாரு. பொய் சொல்லச் சொல்றீங்களா? நடுக்கத்த எடுத்துவிடற செட்டிங்கும் இருக்கு. மொதல்ல அஞ்சுல வெச்சிருந்தேன், இப்ப முப்பதுல நிக்குது. பேனா ஒரு பக்கம் போவுது, கோடு கயித்துல கட்டின நாய் மாதிரி பின்னாடி இழுபட்டு வருது. அதுல எப்படி வரையறது.

போன வாரம் ஒரு அம்மா டிசைனப் பாத்துட்டு, அலை ரொம்ப அழகா வந்துருக்கும்மான்னு கன்னத்தத் தடவிட்டுப் போனாங்க. அது அலை இல்ல ஆன்ட்டி. நேர்கோடு. நான் தேங்க்ஸ்னு சொல்லிட்டேன், வேற என்ன சொல்ல. நீங்க சிரிக்கிறீங்க, முதலாளி சிரிக்கல. மாசக் கடைசி வரைக்கும் பாக்குறேன், அப்பறம் வேலை இருக்கா இல்லையான்னு சொல்றேன்னாரு. இன்னிக்கு இருபத்திமூணு.

சரி, ஸ்கேல எடுத்துட்டேன். இப்பப் பாருங்க. மெதுவா... தெரியுதா? இங்க ஒரு நெளிவு. இங்க ஒண்ணு. இதோ, இங்க மூணு சேந்தாப்புல. கண்ணாடி வழுக்குது, அதான். நிப்பு தேஞ்சிருக்குமோ? நேத்துதான் மாத்துனீங்களா. அப்ப வயர் லூசா இருக்கும். ஆட்டிப் பாத்தாச்சா. கைக்கு அடில வேற சூடா இருக்கு, அதுல உள்ளங்கை வேர்க்குது. நிப்பு ஒரு எடத்துல நிக்குது, கோடு மயிரிழை தள்ளி வருது. அதுவும் ஒரு காரணம்.

நீங்க ஒண்ணு போடுங்களேன். மெதுவா. இல்ல, இன்னும் மெதுவா.

ம்.

நாலு வருசமா இதுலயே வரைஞ்சிருக்கீங்க, உங்களுக்குப் பழகிருக்கும். இடது கைலயா? எதுக்கு ஆன்ட்டி, விடுங்க. வேணாம்னா கேக்குறீங்களா. சரி, போட்டாச்சு. அது கோணலாப் போயிருக்கு. ஆனா ஆடல. கோணல் வேற, ஆட்டம் வேற.

இல்ல இல்ல, உங்க மெஷின் கெட்டுப்போச்சுன்னு நான் நெட்ல எங்கயும் எழுத மாட்டேன். நல்ல மெஷின். இதோட நாலு பாத்துட்டேன். விக்கிற கடைல ரெண்டு, மானுகாவுல ஒருத்தர் வீட்ல ஒண்ணு. நாலுமே நல்ல மெஷின்தான்.

டீயா? குடிக்கிறேன். பாதி ஊத்துங்க, போதும்.

அதெல்லாம் கூச்சம் இல்ல. வீட்டுப் பழக்கம். எங்க அப்பாவுக்கு அம்மா எப்பவும் பாதிதான் ஊத்துவாங்க. கப்பு நெறைய இருந்தா சட்டைல கொட்டிக்குவாரு. அவருக்குச் சின்ன வயசுலயே கை ஆட ஆரம்பிச்சிடுச்சு. ஏர்போர்ட்ல ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிட்டிருந்தாரு, இனிமே ஓட்ட வேணாம்னுட்டாங்க. அவங்கப்பாவுக்கும் இதேதானாம். பிள்ளைங்களுக்கு வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம்னு டாக்டர் சொன்னாரு. ஃபெலெதிக்கு ஒண்ணும் இல்ல, அவன் கை கல்லு மாதிரி நிக்கும்.

போன ஞாயித்துக்கெழம சர்ச் முடிஞ்சு வந்து எல்லாரும் சாப்ட உக்காந்தோம். அம்மா கப்புல சூடா மைலோ ஊத்திக்கிட்டே வந்தாங்க. ஃபெலெதிக்கு முழுசா. அப்பாவுக்குப் பாதி. அன்னிக்கு எனக்கும் பாதி. குடிச்சிட்டு, கப்பக் கழுவி வெச்சுட்டேன்.